ஐந்து தீவுகளும் ஓர் இணைச்சீரும்

கார்டு வந்த அன்று எங்கள் வீடு பூட்டியிருந்தது. அண்ணன் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க எல்லோரும் திருச்செங்கோடு போயிருந்தோம். தபால்காரர் அதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மல்லசமுத்திரம் ரோட்டில் சின்னண்ணன் என்பவரின் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். கார்டுக்கு உறை கிடையாது. டீ ஆறுவதற்குள் நாலு பேர் படித்துவிட்டார்கள். சாயங்காலம் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, எனக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அன்புள்ள வசந்தாமணிக்கு அத்தாயி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு வரி காணோம். பொகுல் வீட்டு மாடு கன்னு போட்டிருக்குது. நாவ் பா உன்னைக் கேட்டாள். ஓடையில் தண்ணி வத்தி நாம நாலு பேரும் ஒரே தட்டுல சோறு தின்னதை இங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறேன். அடுத்த சுத்துக்கு மூட்டை தூக்க ஆளு இல்ல. எப்ப வர்றே?"

அந்தமானிலிருந்து வந்த கார்டு. சின்னண்ணன் அதை என் அப்பாவிடம் நீட்டும்போது, "உங்க புள்ள அங்க ஏவாரம் பண்ணுச்சுங்களா?" என்று கேட்டார். கடையில் யாரோ சிரித்தார்கள். அப்பா கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்பேன். வாசிக்க மாட்டேன். எழுத்து தெரியாமல் இல்லை. நாற்பது பேர் பார்க்கும்போது என் வாய் திறக்காது, அவ்வளவுதான். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தபடி அப்பாவின் ஒற்றை லாரிக்குத் தார்பாய் கிழிந்தால் தைத்துக் கொடுப்பேன். ஊசி என் கையில் இருந்தால் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

கார்டு வந்த மூன்றாம் நாள் புதுச்சத்திரத்திலிருந்து காளியண்ணன் வந்தார். அண்ணனுக்குப் பெண் கொடுக்கிறவர் அவர்தான். புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுபோனாள்.

"காபி இருக்கட்டுமுங்க" என்றார். அம்மா தம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சம்பந்தி காபி குடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மச்சான், கார்டு சங்கதி நெசமா?"

"ஆரோ வேணும்னு எழுதிப் போட்டதுங்க" என்றார் அப்பா. "எங்க புள்ள மாமன் ஊட்ட உட்டு வெளிய தலை காட்டலைங்க."

"அத்தாயின்னு பேரு போட்டிருக்குது. அது ஆத்தூர்ப் பக்கம் கூலிக்காரச் சனம் வெக்கிற பேரு. ஒரே தட்டாம், நாலு பேராம். புதுச்சத்திரம் வரைக்கும் வந்துருச்சுங்க பேச்சு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "மத்த புள்ளையா இருந்தா நான் கேக்க மாட்டேன். இது இணைச்சீருக்கு உக்கார்ற புள்ள. என்ற மக கட்டப்போற கூறையை இதுதான தலையில தூக்கியாரோணும்?"

அப்பா வாசலில் நின்ற புல்லட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம மாரியாத்தா கோயில்ல வெச்சுக் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். மாமன் ஊட்டுலயேதான் இருந்தேன்னு. பேசக்கூட வேண்டாம். அது பேசாத புள்ளைன்னு எங்களுக்குந் தெரியும். வார்த்தையை நான் சொல்லிக்கறேன். அது கைய வெச்சாப் போதும்."

அதைப் பெரிய சலுகை போலத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "எனக்குத் தெரியாம எங்கெங்க போனேன்னு நான் கேக்கப் போறதில்ல. வெள்ளிக்கெழம கைய வெய்யி. அதோட முடிஞ்சுது."

இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு உள்ள சீர். கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலையில் தூக்கி வந்து, மாப்பிள்ளைக்கு இணையாக அவள் உட்கார வேண்டும். அந்தச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். அதற்குப் பிறகுதான் அந்தச் சேலை பெண்ணுக்குப் போகும். உனக்கும் இந்த வீட்டில் பாத்தியம் இருக்கிறது என்று ஊர் அறியச் சொல்லும் ஒரே வேளை அது. ராசப்பன் அண்ணனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். கையை வைத்தால் அந்த இடம் எனக்கு. வைக்காவிட்டால் பெரியப்பா மகள் முத்தாயம்மாள் அக்காவை உட்கார வைத்துவிடுவார்கள்.

அண்ணன் லாரிப்பட்டறையில் இருந்து வந்ததும் நேராக என்னிடம் வந்தான். கையில் கிரீஸ் இருந்தது.

"உள்ளங்கையில ஒரு நொடி சூடு. அதுக்கு மேல என்ன புள்ள இருக்குது?"

"அத்தாயி?" என்று கேட்டேன்.

"ஆரு அத்தாயி? இனிமேட்டு அந்தப் பேரு உனக்குத் தெரியாது. நீ என்ற பக்கத்துல உக்காரோணும், அதுக்குத்தான் சொல்றேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நடந்தது இதுதான்.

ஐப்பசியில் போர்ட் பிளேருக்குப் போனேன். என் மாமாவுக்கு அங்கே ரோடு போடுகிற இலாகாவில் வேலை. அவர் மனைவி சௌந்திரம் அத்தைக்குப் பேறுகாலம். ஒத்தாசைக்கு வீட்டில் சும்மா இருக்கிற பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். சும்மா இருந்தவள் நான். தை பிறந்ததும் அத்தையின் அம்மாவும் கப்பலேறி வந்துவிட்டார். இரண்டு அறையில் ஐந்து பேர். என்னைத் திருப்பி அனுப்ப வேண்டிய கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டது. அடுத்ததற்கு நாற்பது நாள்.

"இங்க காலு நீட்ட எடமில்ல அம்மிணி" என்றாள் அத்தை. "அத்தாயி தீவு தீவாச் சேலை விக்கப் போறா. ரெண்டாம் மூட்டைக்கு ஆளு தேடறா. போறயா?"

தலையை ஆட்டினேன். மாமாவிடம் அத்தை என்ன சொன்னாளோ, அவர் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்து, "பத்தரமாப் போய்ட்டு வா சாமி" என்றார்.

அத்தாயிக்கு இருபத்தாறு வயது இருக்கும். ஆத்தூரிலிருந்து கூலிக்காக வந்த குடும்பம். கணவன் டிக்லிபூர்ப் பக்கம் காட்டு இலாகாவில் மரம் இழுக்கிற வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தீவாகச் சேலையும் ரவிக்கைத் துணியும் விற்றுக்கொண்டே வடக்கே போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். மூட்டையைத் தலையில் வைத்துத்தான் சுமப்பாள். எனக்குத் தலைச்சுமை பழக்கமில்லை. துறைமுகத்தில் தூக்கி எறிந்திருந்த தார்பாய்த் துண்டை எடுத்து, இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி பட்டை வைத்து ஒரு பை தைத்தேன். முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மழை இறங்காது.

அத்தாயி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, கழுதைக்குப் பொதி தச்ச மாதிரி தச்சிருக்கியே. உன்ன ஓட்டிக்கிட்டு வேற போவணுமா நானு?"

நீல் தீவில் படகைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் மணலில் நடந்ததும், தலையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு தச்சிக் குடுடி" என்றாள்.

நீல் தீவில் பாதி வயல், பாதி தென்னை. வங்காளத்திலிருந்து குடியேறியவர்கள். எங்கள் ஊரில் கிணற்றுக்கு எண்பது அடி இறங்க வேண்டும். அங்கே இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர். நெல்லடித்துக்கொண்டிருந்த பொகுல் என்பவள் வீட்டில் தங்கினோம். அவள் கணவன் இறந்து இரண்டு வருஷம். ஆனாலும் வண்ணச்சேலை வாங்கினாள். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். கிழவர் உள்ளே போய்விட்டார்.

"என்ன சொல்லுச்சு?" என்று அத்தாயியிடம் கேட்டேன்.

"உனக்கு எதுக்குச் செவப்புன்னாரு. உங்க கண்ணுல படறதுக்குத்தான் தாத்தான்னா."

மறுநாள் நானும் நெல்லடித்தேன். களத்து வேலை எந்த ஊரிலும் ஒன்றுதான். மூன்றாம் நாள் நாங்கள் கிளம்பும்போது பொகுலும் ஒரு சட்டியில் கருவாடும் மாற்றுச்சேலையும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிட்டாள். வடக்கே அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாளாம். போக ஐந்து வருஷமாகத் துணை கிடைக்கவில்லையாம். மாட்டை யார் பார்ப்பார்கள் என்று அத்தாயி கேட்டாள். அந்தக் கிழவரிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

ஹேவ்லாக், பிறகு லாங் ஐலண்ட். சர்க்கார் படகுகள். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் துறையிலேயே துணி விரித்துப் படுத்துக்கொள்வோம். லாங் ஐலண்டில் மரம் அறுக்கும் மில்லுக்கு வெளியே யானை ஒன்று பெரிய மரத்துண்டைத் தள்ளிக் கடலில் இறக்குவதைப் பார்த்தேன். இறக்கிவிட்டு அதுவும் கடலில் இறங்கி நின்றது. நான் அன்றைக்கு முதல்முறையாகக் கடலில் குளித்தேன். கிணற்றில் நீந்தப் பழகினவளுக்குக் கடல் ரொம்பச் சுலபம். உப்புத்தண்ணீர் தானே தூக்கிப் பிடிக்கிறது.

அங்கேதான் நான் பேச ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அந்தத் தீவுகளில் யாருக்கும் யாருடைய பாஷையும் சரியாக வராது. வங்காளி இந்தியில் தடுமாறுவான். தெலுங்குக்காரி தமிழில் தடுமாறுவாள். ராஞ்சியிலிருந்து வந்தவன் கையைக் காட்டுவான். எல்லோரும் திக்கித்தான் பேசினார்கள். யாரும் யாரையும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை. நடுத்தீவில் ரங்கத் என்கிற ஊரில் ஒரு வீட்டில், "இந்தச் சாயம் போகாது" என்று இந்தியில் நானே சொல்லி ஒரு சேலை விற்றேன். வெளியே வந்ததும் அத்தாயி என் முதுகில் அடித்தாள். "பேச்சு வருதே உனக்கு. இத்தினி நாளு எங்க ஒளிச்சி வெச்சிருந்த?"

ரங்கத்திலிருந்து மாயாபந்தருக்குப் பஸ். அங்கிருந்து வடதீவுக்குப் படகு. நாங்கள் போன அன்று படகு கிளம்பிவிட்டிருந்தது. நாவ் பா என்ற பெண் துறையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கரேன் சனத்தைச் சேர்ந்தவள். அவர்களுடைய தாத்தாக்கள் பர்மாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஊரில் துடுப்பு என்றால் அவர்கள்தான். ஒரு ரவிக்கைத் துணிக்குத் தன் சின்னப் படகில் எங்களைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். அத்தாயி பேரம் பேசினாள். நாவ் பா பேசாமல் கூடையையே கழுவினாள். கடைசியில் இரண்டு துணி கொடுக்க வேண்டியதாயிற்று.

கடலைத் தாண்டி ஓர் உப்போடைக்குள் நுழைந்தோம். இரு கரையிலும் வேர்கள் தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. நாவ் பா நேர்வழியை விட்டுக் குறுக்கு ஓடையில் திருப்பினாள். அவள் கணக்குத் தப்பியது. வற்றம் ஆரம்பித்துத் தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நாலு பேரும் துடுப்பால் தள்ளினோம். நகரவில்லை. நான் இறங்கித் தள்ளலாம் என்று காலைத் தூக்கினேன். நாவ் பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, எதிர்க்கரையைக் காட்டினாள். மரக்கட்டை என்று நான் நினைத்தது கண்ணைத் திறந்திருந்தது.

"ஏங்க்கா, முதலைங்களா?" என்றேன்.

"ஆமா, உன்னப் பொண்ணு பாக்க வந்திருக்குது" என்றாள் அத்தாயி. சொல்லிவிட்டுத் தன் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் திரும்ப ஏற ஐந்து மணி நேரம் ஆகும் என்றாள் நாவ் பா. தலைக்கு மேலே வெயில். மணல் ஈ கடித்துக் கை காலெல்லாம் தடித்தது. அத்தாயி மூட்டையை அவிழ்த்து, விற்கிற சேலைகளில் நாலு எடுத்து ஆளுக்கொன்றாகப் போர்த்திவிட்டாள். பொகுலின் கருவாடு இருந்தது. நாவ் பாவிடம் ஒரு தூக்கில் சோறும் ஓரம் உடைந்த ஒரு பீங்கான் தட்டும் இருந்தன. ஒரே தட்டு.

அத்தாயி தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ முதல்ல தின்னுடு. மிச்சத்த நாங்க தின்னுக்கறோம்" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் ஆத்தூரை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம். ஆனாலும் நான் யார் வீட்டுப் பெண், அவள் யார் வீட்டுப் பெண் என்பதை அவள் மறக்கவில்லை. எங்கள் ஊரில் அவளைப் போன்றவர்கள் எங்கள் கிணற்றடிக்கு வெளியே கையேந்தித்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். அதை நான் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள். வெட்கமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை அவள் கையில் வைத்தேன். அவள் அதை வைத்துக்கொண்டே இருந்தாள். பொகுல் பொறுமையில்லாமல் குறுக்கே கையை நீட்டித் தட்டில் அள்ளினாள். நாவ் பாவும் அள்ளினாள்.

"தின்னுங்க்கா. தீந்துரும்" என்றேன்.

தின்றாள்.

அந்த ஐந்து மணி நேரத்தில் பொகுல் பாடினாள். நாவ் பா முதலையிடம் தன் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். திட்டு என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் ஏறிப் படகு அசைந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

டிக்லிபூரில் பொகுலின் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தாயியின் கணவன் காட்டிலிருந்து வந்து எங்களுக்கு ஒரு வாரம் சமைத்துப் போட்டான். திரும்பும்போது அதே வழி, அதே படகுகள். நாற்பதாம் நாள் அத்தாயி என்னைக் கப்பலேற்றிவிட்டாள். அழவில்லை. "போயி லெட்டர் போடு" என்றாள். நான்தான் போடவில்லை. ஊருக்கு வந்ததும் எல்லோரும் குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். நல்லா இருக்குது என்றேன். வேறு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து இத்தனை நாள் அப்படிச் சும்மா இருந்ததும் பொய்யில்தான் சேரும்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். காளியண்ணன் தன் பங்காளிகளோடு வந்திருந்தார். டீக்கடைச் சின்னண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பூசாரி தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். அம்மா என் தலையில் கொஞ்சம் பூ வைத்து, முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள்.

காளியண்ணன் குரலை உயர்த்தினார். "ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் மாமன் ஊட்டுலயேதான் இருந்தேன், வேற எங்கயும் போவலை, ஆருகூடயும் சேரலைன்னு இந்தப் புள்ள ஆத்தா முன்னால சத்தியம் பண்ணுது. கைய வெய்யி சாமி."

கையை வைத்தால் அணைந்துவிடும். ஒரு நொடி. அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாற்பது முகம். பள்ளிக்கூடத்தில் இருந்த அதே நாற்பது.

"இல்லைங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பூசாரிக்கு மட்டும் கேட்டது. தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அது... அது பொய்யுங்க. நான் மாமன் ஊட்டுலயே இருக்கலைங்க." நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தேன். "நீல் தீவுக்குப் போனேன். ஹேவ்லாக் போனேன். லாங் ஐலண்டு. ரங்கத்து, மாயாபந்தரு எல்லாம் நடுத்தீவு. அங்கிருந்து வடதீவு, டிக்லிபூரு. நாப்பது நாளு. மூட்டை தூக்கிட்டுச் சேலை வித்தேன்."

"அம்மிணி" என்றார் அப்பா.

"என்ன சொல்லுது இது?" என்றார் காளியண்ணன்.

"கூட வந்தவங்க அத்தாயி. ஆத்தூர்க்காரங்க. நீங்க சொன்ன அதே சனந்தானுங்க. பொகுல்னு ஒருத்தி, நாவ் பான்னு ஒருத்தி. நாலு பேரும் ஒரே தட்டுல தின்னோம். நான்தான் சோத்தைப் பெசஞ்சு கையில குடுத்தேன். இது ஆத்தா மேல சத்தியம்."

உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் அழுத்தினேன். அணைந்தது. எடுக்க வேண்டிய நேரத்துக்கு மேலேயே கொஞ்சம் வைத்திருந்தேன்.

காளியண்ணன் அப்பாவைத் தனியே கூப்பிட்டார். குறித்த கல்யாணம் நிற்காது, இரண்டு பக்கமும் பத்திரிகை கொடுத்தாயிற்று, ஆனால் இந்தப் பெண் இணைச்சீருக்கு உட்காரக் கூடாது என்றார். அப்பா தலையாட்டினார். அண்ணன் தூணை விட்டு நகரவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை.

வீட்டில் அவன்தான் முதலில் பேசினான். "சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

"சும்மா இருந்து இருந்துதான் பள்ளிக்கூடம் போச்சு" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் பதில் பேசியது அவனுக்குப் புதிது.

மறுநாள் கையில் களிம்பு தடவிய துணியோடு தபாலாபீசுக்குப் போனேன். அஞ்சல் உறை வாங்கலாம். யாரும் படிக்க மாட்டார்கள். கார்டுதான் வாங்கினேன். அங்கேயே நின்று எழுதினேன். அத்தாயி அக்காவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தேன், தட்டில் தின்றதை நானும் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்று பெரிய எழுத்தில் எழுதி, எழுத்து மேலே தெரிகிற மாதிரி மேசையில் வைத்தேன். தபாலாபீஸ்காரர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முத்திரை குத்தினார்.

வைகாசியில் கல்யாணம். எங்கள் வாசலில் பந்தல். நான் வெளியே வராமல் சமையல்கட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்தவள் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள். "வெங்காயம்" என்றாள். அவள் வெங்காயத்தின் பக்கமே வரவில்லை.

பந்தலில் அருமைக்காரர் கண்ணுசாமியின் குரல் கேட்டது. சீரெல்லாம் செய்து வைக்கிற பெரியவர். "இணைச்சீர்க்காரி வாங்க. நேரமாகுது."

நான் கையைக் கழுவினேன். நல்ல சேலை கட்டியிருக்கவில்லை. அப்படியே வெளியே போனேன்.

முத்தாயம்மாள் அக்கா பேழையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் செம்பில் தண்ணீரோடு. நான் நேரே போய் அவள் முன்னால் நின்றேன்.

"அக்கா, குடுங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். பெரியப்பா அங்கிருந்து, கொடுக்காதே என்று கையை ஆட்டினார்.

"அக்கா, அது என்றது."

"உன்றதுதான், ஆரு இல்லைன்னா?" என்றாள் மெதுவாக. "கழுத்து வேற வலிக்குது. புடி." பேழையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டு, சும்மாடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். "நேரா நட. குனியாத."

நடந்தேன். காளியண்ணன் எழுந்துவிட்டார். "மச்சான், என்ன பேசினோம், இங்க என்ன நடக்குது?"

அப்பா பாதி எழுந்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஏனுங்க அருமைக்காரரே, நிறுத்துங்க" என்றார் காளியண்ணன்.

கண்ணுசாமி என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார். "கூறை பந்தலுக்குள்ள வந்துருச்சுங்க. வந்த கூறையைத் திருப்பி அனுப்பி நான் ஒரு கல்யாணமும் பண்ணினதில்ல. கொண்டாந்த பொறந்தவ உக்காரட்டும். பேச்சு இருந்தா அப்பறம் பேசிக்குங்க. நல்ல நேரம் உங்களுக்கோசரம் நிக்காது."

"அப்ப நாங்க சோத்துல கைய வெக்க மாட்டோம்."

"அது உங்க இஷ்டமுங்க" என்று சொன்னது கண்ணுசாமி இல்லை. நான்.

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். காளியண்ணனோடு ஆறு பேர் எழுந்து பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். புல்லட்டை யாரும் உதைக்கவில்லை. மரத்தடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பேழையை இறக்கி வைத்தேன். அண்ணனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கோயிலில் நின்ற மாதிரியே இப்போதும் கல்லாக இருந்துவிடுவான் என்று நினைத்தேன். இருந்தாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை.

கண்ணுசாமி சேலையை விரித்து, ஒரு முனையை அவனிடம் நீட்டினார். அவன் மரத்தடியைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான். மறு முனை என்னிடம் வந்தது. தீப்புண் ஆறாத கையால் வாங்கினேன். துணி எங்கள் இருவருக்கும் நடுவே தொய்ந்து கிடந்தது. பிறகு மெதுவாக இறுகியது. அவன் இழுத்துப் பிடித்திருந்தான். நானும் விடவில்லை.